அடிச்ச கையோட கையெழுத்து

என் வீட்டுக்காரிக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முழங்கால் வலி தேவலையா? இடது கையால எழுதுறேன், கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கோ.

மெஷின்ல வலது கை போனது என் தப்புன்னே கம்பெனி சாதிக்குது. மெஷின்தான் பழுதுன்னு இன்ஸ்பெக்டர் எழுதின ரிப்போர்ட் தொழிலாளர் தீர்ப்பாயத்துல இருக்கு. நகல் கேட்டு மூணு மனு போட்டேன். என் பழைய கையெழுத்தோட ஒத்துப்போகலைன்னு மூணும் திரும்பி வந்துடுச்சு.

நேர்லயே போய், கவுன்டர்ல இருந்த அம்மாகிட்ட மொட்டைக் கையைக் காட்டினேன்.

"எனக்குத் தெரியுதுங்க. கை போச்சுன்னு ஃபைல்ல இருக்கணுமே?"

"அந்த ரிப்போர்ட்லதாங்க இருக்கு!"

"அப்ப அதுக்கு மனு போடுங்க."

அங்கேயே சிரிச்சுட்டேன். ரூமுக்கு வந்தப்புறம் ரெண்டு நாளா கட்டிலைவிட்டு எந்திரிக்கத் தோணலை.

எனக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு. இருந்தாலும் நிரப்பாத மனு ஒண்ணு இதோட வச்சிருக்கேன். நான் இங்க வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, ரேங்க் கார்டுல என் கையெழுத்தை அச்சு அசலாப் போட்டு நம்ம பொண்ணு என்கிட்ட அறை வாங்கினாளே, அவளையே இதுலயும் போடச் சொல்லு. உடனே திருப்பி அனுப்பு. இங்க தபால் எடுக்குற நேரமாச்சு, முடிச்சுக்கறேன்.

பயப்படுவா. அடிச்ச கை இப்ப அப்பாவுக்கு இல்லைன்னு சொல்லு.