அடியில் நின்ற தண்ணீர்

அன்புள்ள அக்கா,

ஜெலுத்தோங் சந்தை முனையில் சிவப்பு விளக்குக்கு பிரேக் போட்டேன். சீட்டுக்கடியிலிருந்து உருண்டு வந்து குதிகாலில் இடித்தது உங்கள் பாட்டில். ஒரு மாதமாக இதே கதைதான். எடுத்து ஓரமாக வைத்தாலும் அடுத்த திருப்பத்தில் வந்துவிடுகிறது. பழைய மருந்து பாட்டில். மேலே கறுத்துப்போன டீசல், அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர். மூடியில் ஒட்டிய தாளில் உங்கள் கையெழுத்தில் ஒரு வண்டி எண். என் பெயரை நீங்கள் எழுதவில்லை.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்தன்று உங்கள் மகள் இதைக் கொண்டுவந்து நீட்டினாள். "அங்கிள், அம்மா இத கடையிலேருந்து கொண்டாந்து அலமாரியில வச்சிருந்தாங்க. தூக்கிப் போடக்கூடாதுன்னு சொல்லுவாங்க. நீங்க பழைய கஸ்டமராச்சே, இது யாரு வண்டி நம்பர்னு தெரியுமா?"

"தெரியலம்மா. குடு, விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். என்னுடைய பழைய பிக்கப்பின் எண், அக்கா. சாவு வீட்டில் நின்றுகொண்டு, நரைத்த தலையோடு, கூசாமல் சொன்னேன்.

அவள் அதோடு நிற்கவில்லை. "அம்மா முந்தி பட்டறையில ஒரு டீசல் பம்ப்ப கெடுத்துட்டாங்களாம். அதுலேருந்துதான் கவுண்டர்ல உட்கார வச்சிட்டாங்களாம். அதப் பத்தி வாயே தொறக்க மாட்டாங்க அங்கிள்" என்றாள். நான் இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்தேன்.

நீங்கள் எந்தப் பம்ப்பையும் கெடுக்கவில்லை. கெடுத்தவன் நான்.

தீவுக்குக் கடல்மேல் பாலம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சுங்கை பாக்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு தினமும் தீவுக்கு வருவேன். பாலத்தின் நடு ஏற்றத்தில் என் டீசல் பிக்கப் மூச்சு வாங்கும். பின்னால் வரும் பஸ்காரன் ஹாரனிலேயே என் குலத்தை விசாரிப்பான். எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்ப்பில் இருக்கும் ஈய முத்திரையை உடைத்து ஸ்குரூவைத் திருகினால் டீசல் அதிகமாகப் போகும், வண்டி பறக்கும் என்று மற்ற டிரைவர்கள் சொன்னார்கள். அதற்காகத்தான் உங்கள் பட்டறைக்கு வந்தேன். பம்ப்பை ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் பெஞ்சில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்ததும், "கிராணியம்மா, பம்ப் பாக்குறவரு எங்க?" என்று கேட்டேன். கிராணியாகக் கணக்கெழுத வந்தவர்தான் நீங்கள். பெஞ்ச்காரர் சிங்கப்பூருக்குப் போய்விட, அந்த வேலையைப் பார்த்துப் பார்த்தே கற்றிருந்தவர். அப்போது எனக்கு அது தெரியாது.

"நான்தான்" என்றீர்கள். "ஸ்குரூவத் திருகுனா பொகைதான் கூடும் தம்பி, பலம் கூடாது. உள்ள தேஞ்சிருக்கு. கழட்டிப் பாத்துத்தான் சொல்லணும்."

முன்பு புக்கிட் தெங்கா மின்னணுத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்குக் கீழே மெல்லிய கம்பி ஒட்டிப் பழகிய விரல்கள் உங்களுடையவை. பம்ப்பின் உள்ளே இருக்கும் எஃகுத் தண்டை ஒரு தட்டில் எடுத்து வைத்தீர்கள். "இதுக்கும் சுத்தி இருக்கிற கூட்டுக்கும் நடுவுல மயிரிழைகூட நுழையாது. டீசல்தான் இதுக்கு எண்ணெயும். அந்த எடத்துல தண்ணி போச்சுன்னா செத்துச்சு" என்றீர்கள். புதுத் தண்டு போட்டு, பெஞ்சில் ஓட்டி, நான்கு கண்ணாடிக் குழாய்களிலும் டீசல் ஒரே மட்டத்தில் நிற்கும்வரை விடவில்லை. டீசலை வடிகட்டும் பில்டருக்கு முன்னால் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் ஒன்றும் மாட்டிக்கொள்ளச் சொன்னீர்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். முழு லோடோடு பாலத்தில் ஏறிய அன்று, காப்பிக் கடையில் உங்கள் புகழைப் பாடியவனும் நான்தான்.

பிறகு தைப்பூசம் வந்தது. எங்கள் தண்ணீர்ப் பந்தலுக்கு வாங்கிய நீல டிரம்களில் ஒன்று மீந்தது. விடிவதற்கு முன் கிளம்புகிறவன் நான், பெட்ரோல் ஸ்டேஷன் திறந்திருக்காது. வீட்டில் டீசல் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று அந்த டிரம்மைத் தூக்கி வந்தேன். கவிழ்த்து வைத்தேன், காயும்வரை பொறுக்கவில்லை. முருகனுக்கு வந்தவர்கள் குடித்து மிஞ்சிய தண்ணீர், என் பம்ப்புக்குப் போயிற்று.

பாலத்தின் உச்சியில் வண்டி நின்றது. கத்தரிக்காயும் கீரையும் வெயிலில் வதங்கின. இழுத்துவந்து உங்கள் பட்டறையில் விட்டபோது, எனக்கு லோடு கொடுக்கும் மொத்த வியாபாரியும் கூடவே வந்துவிட்டார். "யார் தப்புன்னு இப்பவே தெரியணும். கவனமில்லாத டிரைவர் எனக்கு வேணாம்" என்றார். காப்பிக் கடைக் கூட்டம் முழுவதும் அங்கேதான் நின்றது.

நீங்கள் பில்டரைக் கழற்றி, உள்ளே இருந்ததை இந்த பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தீர்கள். தண்ணீர் மெல்ல அடியில் இறங்கியது. அந்த நிமிடமே எனக்கு நீல டிரம் கண்முன் வந்துவிட்டது. பட்டறை முதலாளியான தவுக்கே என்னைப் பார்த்து, "மின்யாக் இசி டி மானா?" என்று கேட்டார். எண்ணெய் எங்கே நிரப்பினாய் என்று.

"ஸ்டேஷன்லதான்" என்றேன்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற எங்கயும் ஊத்தலயே?"

"இல்லக்கா." அதோடு விட்டிருந்தால் ஒரு பாவத்தோடு போயிருக்கும். வியாபாரியின் பார்வை என்மேலேயே இருந்தது. "பம்ப்ப கழுவும்போது உள்ள தண்ணி நின்னுருக்கும்லா" என்றேன்.

"நான் தண்ணியில கழுவுறதே இல்ல. டீசல்லதான் கழுவுறேன்" என்றீர்கள். இரண்டு முறை சொன்னீர்கள். யார் காதில் வாங்கினார்கள்? பொம்பளையை பெஞ்சில் விட்டால் இப்படித்தான் என்று ஒருவன் சிரித்தான். நானும் சிரித்தேன், அக்கா. அதை நீங்கள் பார்த்தீர்களா என்று இன்றுவரை தெரியாது. என் லோடு தப்பியது. மறு வாரம் பெஞ்சில் வேறு ஆள் நின்றான். நீங்கள் கவுண்டரில் பெல்ட்டும் பில்டரும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

அதன் பிறகு நான் வந்த முதல் நாளில் அந்தக் கிண்ணத்தை எடுத்து என் முன்னால் வைத்தீர்கள். "இப்பவாச்சும் போட்டுக்குங்க தம்பி" என்றீர்கள். திட்டியிருக்கலாம். ஒவ்வொரு முறை வரும்போதும் "காலையில தண்ணிய வடிச்சீங்களா?" என்று கேட்பீர்கள். வடித்தேன் என்பேன். உங்கள் தலைக்குப் பின்னால், மேல்தட்டில் இந்த பாட்டில் நிற்கும். நான் அதைப் பார்க்காமல் காலண்டரைப் பார்ப்பேன்.

சொல்லிவிட வேண்டும் என்று பலமுறை கிளம்பி வந்திருக்கிறேன். கவுண்டர்முன் நின்று வாயைத் திறப்பேன். நீங்கள் நிமிர்ந்து, "என்ன வேணும் தம்பி?" என்பீர்கள். "ஒரு பில்டர் குடுங்கக்கா" என்பேன். பெட்டி பிரிக்காத பில்டர்கள் ஏழு என் வீட்டில் இருக்கின்றன. எதற்கு இத்தனை என்று மனைவி கேட்டதற்கு, விலை ஏறப்போகிறது என்று சொல்லிவைத்தேன். பொய் சொல்வதில் எனக்குத் தடங்கலே வருவதில்லை.

அந்த ஏழு தடவையில் ஒரு தடவை சொல்லியிருந்தாலும் நீங்கள் பெஞ்சுக்குத் திரும்பியிருப்பீர்கள். எனக்கு என்ன போயிருக்கும்? ஒரு வியாபாரி போயிருப்பார், வேறொருவர் கிடைத்திருப்பார். உங்கள் கையிலிருந்த வேலையை நான் பறித்துக்கொண்டேன். இப்போது உங்கள் மகள் மனதில், ஒரு பம்ப்பைக் கெடுத்த அம்மாவாக இருக்கிறீர்கள்.

காரியம் முடிந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உங்கள் வீட்டுத் தெருவரை வந்து திரும்பிவிட்டேன். இது நான்காவது. கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்மேல் தாளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பாட்டில் முன்னால் நிற்கிறது. குலுங்கிய தண்ணீர் அடியில் இறங்கி அமைதியாகிவிட்டது.

உங்கள் மகள் பார்த்துவிட்டாள். கேட்டைத் திறந்துகொண்டு வருகிறாள். "என்ன அங்கிள், வெயில்ல உட்காந்திருக்கீங்க? என்ன வேணும்?" என்கிறாள். உங்கள் குரலேதான்.

இந்த வீட்டில் பில்டர் விற்பதில்லை, அக்கா. பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்குகிறேன்.