எண்ணூறு கலோரி

தாம்பரம், 14.2.1971, ஞாயிறு, பிற்பகல் 3.20. எடை 78 கிலோ.

கர்த்தருக்குள் அன்பான அப்பாவுக்கு வில்பிரட் வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அம்மா சுகமா?

மார்ச் 29-ஆம் தேதி மெடிக்கல் பரிசோதனையில் எழுபத்தொரு கிலோவுக்கு மேல் இருந்தால் கம்பெனி என்னை நிரந்தரமாக்காது, அனுப்பிவிடும். அதற்காக மூன்று வாரமாகத் தினம் எண்ணூறு கலோரி மட்டும் சாப்பிட்டேன். மூன்று கிலோ குறைந்தது.

இன்று ஜெபக்கூட்டத்தில் நின்றபடியே மயங்கி விழுந்தேன். பயப்படாதீர்கள், அடிபடவில்லை. பாவ உணர்வில் விழுந்தேன் என்று நினைத்து, தண்ணீர்கூடத் தராமல் பத்து நிமிஷம் சுற்றி நின்று ஜெபித்தார்கள். நர்ஸ் தபீதாள் அக்காதான் நாடி பிடித்துப் பார்த்தார். "இது மனந்திரும்புதல் இல்ல, பசி" என்று சொல்லிச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடறே?"

"எண்ணூறு கலோரி."

"அது கைக்குழந்தைக்குடா. ஆயிரத்து எண்ணூறு சாப்பிடு. வாரத்துக்கு அரைக் கிலோ குறையும். அதுக்கு மேல ஆசைப்படாதே."

அவர் சொல்வது சரி. அதுதான் பிரச்சினை. மிச்சமிருப்பது ஆறு வாரம், மூன்று கிலோ குறையும், எழுபத்தைந்தில் நிற்பேன். எட்டுத் தரம் போட்டுப் பார்த்துவிட்டேன், வேறு விடை வரவில்லை.

பேண்ட் இடுப்பில் நிற்பதில்லை. உங்கள் பழைய பெல்ட்டை அனுப்புங்கள். பதில் கடிதத்தைக் கொஞ்சம் நீளமாக எழுதுங்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. இனி நான் செய்யப்போவது:

1. தினம் ஆயிரத்து எண்ணூறு கலோரி சாப்பிடுவேன்.
2. மெடிக்கலுக்குப் போய் எடை மெஷினில் ஏறி நிற்பேன்.
3. அன்றைக்கே ஊருக்கு ரயில் ஏறுவேன். ஸ்டேஷனுக்கு நீங்கள் மட்டும் வாருங்கள்.