தொட விடாத பொம்மை

புதன்கிழமை, இரவு

அந்த டொக்டரின் சிரிப்பை நினைத்தால் இன்னும் உடம்பு எரிகிறது.

பிறந்ததும் மூச்செடுக்காத குழந்தையைக் காப்பாற்றுவது எப்படி என்று தாதிமாருக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர்தான். அது பலன் தந்ததா என்று மதிப்பிட இன்று கல்பிட்டிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிபானா என்ற தாதியிடம் பயிற்சிப் பொம்மையைக் கொடுத்து, செய்து காட்டச் சொன்னேன். காற்றுச் செலுத்தும் முகமூடியைப் பொம்மையின் முகத்தில் அவளால் சரியாகப் பொருத்த முடியவில்லை. பொம்மையின் நெஞ்சு எழும்பவே இல்லை.

எல்லோர் முன்னாலும் டொக்டர் சிரித்தார். "எவ்வளவு படிப்பிச்சாலும் இவங்கட மண்டையில ஏறாது மிஸ்."

சிபானா அழுதுவிட்டாள். "பழுதாப் போகும் எண்டு அந்தப் பொம்மைய எங்களத் தொடவே விடல்ல மிஸ். படம் மட்டும்தான் காட்டினாங்க."

"உண்மையா டொக்டர்?"

"ஓம், வெல கூடின சாமான்தானே. ஒங்கட அறிக்கையில அத எழுதத் தேவல்ல."

தாதிமாரில் பிழையில்லை, பயிற்சிதான் பிழை என்று எழுதி, அவருடைய பெயரையும் போட்டு மாலையே அனுப்பிவிட்டேன். இனி என்னை மதிப்பீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாமலே இருக்கட்டும்.

நாளை காலை சிபானாவுக்குப் பிரசவ அறையில் கடமை. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.