பெல்லுக்குள் எறும்பு

வெள்ளவத்தை, 3.6.98

இன்றைக்கும் கோலிங் பெல் தானாக அடித்தது. வாசலில் ஈ காக்கை இல்லை. அதற்குள் நான் அடுப்பை அணைத்து, அடையாள அட்டைகளைக் கையில் எடுத்து, தம்பி தயாபரன் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டு — எல்லாம் முடிந்துவிட்டது. வவுனியாவிலிருந்து வந்தவனுக்குப் பொலிஸ் கொடுத்த தங்கும் பதிவு காலாவதியாகிவிட்டது. நீட்டிக்கப் போனால் நாளைக்கு வா என்கிறார்கள். எத்தனை நாளைக்கு நாளை?

4.6.98

இவர் பெல் ஸ்விச்சைக் கழற்றினார். உள்ளே எறும்பு. செத்ததும் சாகாததுமாய், ஒன்றின் மேல் ஒன்று. சயன்ஸ் வாத்தியார் அல்லவா, பாடம் தொடங்கிவிட்டார். ஒதுக்கமும் சூடும் தேடி ஒன்று உள்ளே போகுமாம். கரண்ட் அடித்துச் சாகும்போது ஒரு மணம் விடுமாம். அந்த மணத்துக்கு மற்றவை ஓடிவந்து, அவையும் சாகுமாம். பிணங்கள் சேர்ந்து இரண்டு தகட்டையும் தொட்டால் பெல் அடிக்கும்.

"செத்துக் கிடக்கிறதைப் பாத்துமா போகுதுகள்?" என்றேன்.

"கூப்பிட்டாப் போகத்தானே வேணும், அக்கா" என்றான் தயா. இவருக்குச் சிரிப்பு. எனக்கு எரிச்சல்.

7.6.98

மஞ்சள் தூவினேன். மண்ணெண்ணெய் பூசினேன். பின்னேரம் மறுபடி அடித்தது.

9.6.98

வயரை வெட்டிவிடுங்கோ என்று கத்திவிட்டேன்.

"வெட்டின பிறகு அவங்கள் வந்து அடிச்சா? ஒளிச்சிருக்கிறம் எண்டு கதவை உடைப்பாங்கள்" என்கிறார்.

சரிதான். அதனால்தான் இன்னும் கோபம். தமிழர் வீட்டு பெல் பழுதாக இருக்கக்கூடாது. அடித்தாலோ உயிர் போகிறது. இதுவும் ஒரு சீவியமா?

12.6.98

தயா இப்போது ஒளிவதில்லை. "எறும்புக்குப் பயந்து எத்தினை நாள் பாத்ரூமுக்குள்ள இருக்கிறது?" என்கிறான். பெல் அடித்தால் மண்ணெண்ணெய்த் துணியும் ஸ்குறூ டிறைவருமாகப் போய்க் கதவைத் திறக்கிறான். ஏசினேன். கேட்டால்தானே.

15.6.98

பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்.

மத்தியானம் பெல் அடித்தது. "எறும்பாரே, வாறன்" என்று சொல்லிக்கொண்டு போனான். பிறகு சத்தமில்லை. நான் ஓடிப்போனபோது இரண்டு பேர் தயாவின் கையைப் பிடித்திருந்தார்கள். துணி வாசலில் கிடந்தது. ஒரு பொலிஸ்காரன் ஸ்குறூ டிறைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். எறும்பு, எறும்பு எண்டன். சிங்களத்தில சொல்ல வாய்க்கு வரேல்லை. எத்தினை வருசமாக் கடைக்காரரோட கதைக்கிற பாஷை! அந்த ஒரு சொல் வரேல்லை.

17.6.98

இவர் ஸ்டேஷனுக்குப் போனார். பொழுதுபடும்வரை மர வாங்கில் இருத்திவிட்டு, அப்படி ஒருவன் இங்கே இல்லை என்று அனுப்பினார்களாம். கண்ணுக்கு முன்னால் கொண்டுபோனவனை இல்லை என்றால்? நாளைக்கு நான் போவேன். நீர் போகவேண்டாம், உம்மையும் இருத்திப்போடுவாங்கள் என்கிறார். போவேன்.

18.6.98

போனேன். இல்லை என்றார்கள்.

21.6.98

ஒழுங்கை முனையில் கரண்ட் சாமான் கடை வைத்திருக்கும் பதியுதீனைக் கூட்டிவந்து இவர் புது பெல் பூட்டுவித்தார். எறும்பு புகாத ஸ்விச்சாம். இப்பதான் நேரம் வந்ததாக்கும்!

2.7.98

புது பெல் தானாக ஒருமுறைகூட அடிக்கவில்லை. நல்ல சாமான் என்கிறார்.

இவர் பள்ளிக்கூடம் போன பிறகு வெளியே போய், வேலை செய்கிறதா என்று நானே அழுத்திப் பார்த்தேன். அடிக்கிறது. பின்னேரமும் ஒருக்கா அழுத்திப் பார்க்க வேணும்.