கட்டி ஒன்றும் இல்லை

பிரீனாவின் அப்பாவுக்கு,

நேற்றிலிருந்து நீங்கள் கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. கோபப்பட வேண்டாம். அங்கே உங்களோடு வேலை பார்க்கும் வினோஜ் லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறான். உங்களுக்குக் கொடுத்தனுப்பும் மாங்காய் அச்சாறு பாட்டிலோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன்.

ரப்பர் ஷீட் அடிக்கும்போது, பாலை உறையவைக்கும் ஆசிட் தெறித்துத்தான் மார்பு சிவந்து வீங்கியது என்று நினைத்தோமே. எண்ணெய் போட்டும் ஆறாததால் நாகர்கோவிலில் ஸ்கேன் எடுத்தேன்.

"கட்டி ஒண்ணும் தெரியல்ல" என்றார் டாக்டரம்மா. படுத்தபடியே "ஸ்தோத்திரம்" என்று சத்தமாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோலில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மா ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தார்கள். மருமகளுக்குக் கட்டி இல்லாததற்காக என்று போதகர் வாசித்தார். சபை முழுவதும் ஆமென் சொன்னது.

நேற்று ரிசல்ட் வந்தது.

"இது கட்டியா வராது. தோலு சிவந்து வீங்கித்தான் வரும். அபூர்வமான கேன்சர், வேகமாப் பரவும். மருந்து உடனே தொடங்கணும். வீட்டுக்காரரு எங்க இருக்காரு?" என்று டாக்டரம்மா கேட்டார். வெளியே வந்த பிறகுதான், எழுந்து வந்துவிட்டேன் என்று தெரிந்தது.

வீட்டு வாசலிலேயே உங்கள் அம்மா பிடித்துக்கொண்டார்கள். "டாக்டரு என்ன சொன்னா மக்கா?"

"கட்டி இல்லண்ணுதான் மாமி."

பொய் இல்லையே.

போனை எடுத்தால் நான் முதலில் ஸ்தோத்திரம்தானே சொல்லுவேன். அந்த வார்த்தை இப்போது வாயில் வரமாட்டேன் என்கிறது. மணி அடித்து ஓயும்வரை கையில் வைத்துக்கொண்டே நிற்கிறேன்.

இதைப் படித்ததும் கூப்பிடுங்கள். இந்தத் தடவை நீங்கள் முதலில் பேசுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி