தொண்ணூற்றாறு தூண்கள்

மார்ச் 4

வேலைக்குத் திரும்பினேன். அவர் போய் நாற்பத்தோரு நாள். என் மேசையைத் துடைத்து வைத்திருந்தார்கள். யாரும் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, எல்லாரும் காதைப் பார்த்தே பேசினார்கள். காதுக்கு என்ன துக்கம்?

நானாக இருந்தால் வந்திருக்க மாட்டேன். தம்பிதான் விடவில்லை. "நாலு சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தா பைத்தியம் பிடிச்சிரும்க்கா. போ. இரும்பைத் தொட்டாத்தான் நீ நீயா இருப்பே." சான்றிதழ்களுக்கு அலைந்தது, மகளைப் பள்ளியில் விட்டது, கேஸ் சிலிண்டர் மாட்டியது என்று இத்தனை நாளும் எல்லாவற்றையும் அவன்தான் இழுத்துப் போட்டுச் செய்தான். அவன் சொன்னான், போனேன்.

மார்ச் 6

கடலோர மருத்துவமனையின் மொட்டை மாடிக்கு சோலார் பேனல். பேனல்களைத் தாங்கும் சட்டம் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும். நோயாளிகளோடு வருகிறவர்கள் அதன் நிழலில் உட்காரலாம். எந்த உலோகம் போடுவது என்று ஜனவரியில் நானே எழுதிய கோப்பைப் படித்தேன். யாரோ எழுதியது போல் இருந்தது.

அலுமினியம் கடல் காற்றைத் தாங்கும், ஆனால் சீக்கிரம் வளையும். இந்த உயரத்துக்குத் தூணை யானைக்கால் மாதிரி செய்ய வேண்டியிருக்கும். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளுக்கு மட்டும். தூணுக்கு இரும்புதான். அறுத்து, துளை போட்டு முடித்த பிறகு உருக்கிய துத்தநாகத்தில் முழுசாக முக்கி எடுக்க வேண்டும். பூச்சு எண்பது மைக்ரானுக்குக் குறையக் கூடாது. மெல்லிய பூச்சோடு வரும் தகட்டை வாங்கி அறுத்தால் அறுத்த இடமெல்லாம் வெறும் இரும்பு. உப்புக்காற்று அங்கேதான் முதலில் வாய் வைக்கும்.

"இருபத்தைந்து வருஷம் நிற்க வேண்டும்" என்று அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். இருபத்தைந்து வருஷமாம்! என்ன தைரியம் எனக்கு.

தூண்கள் தம்பியின் பட்டறையில்தான் தயாராகின்றன. அது அலுவலகத்துக்குத் தெரியும். மற்றவர்களைவிட அவனைத்தான் நான் அதிகமாகக் குடைவேன் என்பதும் தெரியும்.

மார்ச் 7

அடுப்பிலிருந்த பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கினேனாம். மகள் கத்தினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 11

தூண்கள் வந்தன. தொண்ணூற்றாறு. பூச்சின் கனத்தைக் காட்டும் மானியை வைத்துப் பார்த்தேன். 84, 88, 86. நல்ல எண்கள்.

தம்பியும் லாரியோடு வந்திருந்தான். "ஆணி எங்கக்கா?" என்று கேட்டான். பத்தொன்பது வருஷமாக எந்த லோடு வந்தாலும் அஞ்சு தூணை ஆணியால் கீறிப் பார்ப்பேன். அலுவலகத்தில் எனக்கு ஆணியம்மா என்றுதான் பெயர். ஆணி பழைய பையில் இருக்கிறது. அன்றைக்கு அவரோடு ஆம்புலன்சில் போனபோது எடுத்துப் போன பை. கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, திறக்கவில்லை.

"இல்ல, விடு" என்றேன். கையெழுத்துப் போட்டேன். தம்பி டீ வாங்கிக் கொடுத்தான். நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றான்.

மார்ச் 19

சட்டம் நிறுத்தியாயிற்று. பேனல்கள் வர இன்னும் ஒரு மாதம்.

மார்ச் 25

ஒன்றுமில்லை. தூங்கினேன்.

ஏப்ரல் 8

மருத்துவமனையில் பெருக்கித் துடைக்கும் அம்மா என்னை மாடிப்படியிலேயே மடக்கினாள். "நீங்கதானே அந்தக் கம்பி போட்டவங்க? வந்து பாருங்க. தெனம் தேய்க்கிறேன், கறைதான் போகல. என் கைதான் தேயுது!"

வெள்ளைத் தரையில் பழுப்பாக ஒரு கோடு. அது தூணின் துளையிலிருந்து இறங்கியிருந்தது. அடுத்த தூணிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

வீட்டுச் சாவியால் கீறினேன். வெள்ளி நிறம் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது. பெயிண்ட். அதற்குக் கீழே பேருக்கு ஒரு பூச்சு. துளை ஓரத்தில் அதுவும் இல்லை. முக்கி எடுத்த தூணே இல்லை இது. தகட்டை அறுத்து, மேலே வெள்ளிப் பெயிண்ட் அடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

மானிக்குத் தன் மூக்கிலிருந்து இரும்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் தெரியும். நடுவில் இருப்பது துத்தநாகமா பெயிண்டா என்று அது கேட்காது. அதற்குத்தான் ஆணி. எத்தனை பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்!

காற்று ஒருநாள் வேகமாக அடித்தால்? கீழே உட்கார்ந்திருப்பார்கள்.

ஏப்ரல் 9

அவனுக்குத் தெரியும். தினமும் வீட்டுக்கு வந்தானே, கதவுக்குப் பின்னாடி பை தொங்கறதைப் பார்க்காமலா இருந்திருப்பான்? வேலைக்குப் போ, வேலைக்குப் போன்னு அத்தனை தடவை சொன்னானே — எனக்காகத்தானா? நான் போன ஒரே வாரத்துல லோடு வருது. நான் மரக்கட்டையா இருக்கேன்னு அவனைவிட யாருக்குத் தெரியும்?

கோபம் வர வேண்டும். வந்தபாடில்லை.

ஏப்ரல் 10

பட்டறைக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அறுக்கிற மெஷினை நிறுத்தச் சொன்னான்.

"முக்கற தொட்டி ஓட்டை ஆயிடுச்சுக்கா. வெளிய குடுத்தா ஒரு மாசம். தேதி தாண்டினா ஆர்டரே போயிருக்கும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ விட்டிருப்பியா?" தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ மட்டும் அன்னிக்கு ஆணிய எடுத்திருந்தா, லோடைத் திருப்பிக் கொண்டுபோயிருப்பேன். சத்தியமா."

"என்னை வேலைக்குப் போகச் சொன்னியே. அது எனக்காகவா, இந்தத் தூணுக்காகவா?"

வெகு நேரம் கையுறையைக் கழற்றினான், மாட்டினான்.

"ரெண்டுக்கும்தான்க்கா."

பொய் சொல்லியிருக்கலாம் பாவி. எனக்காகத்தான் என்று ஒரு வார்த்தை. நம்பியிருப்பேன்.

ஏப்ரல் 11

அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அவன் செய்தது முதல் பத்தியில், நான் கீறிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது இரண்டாம் பத்தியில். மேலாளர் இரண்டு தடவை படித்தார். "உங்களுக்கும் சேத்துல்ல ஆப்பு வச்சிருக்கீங்க? பேனல் ஏறிட்டா அப்புறம் யார்மா தூணைப் பாக்கப் போறா?"

"தரை துடைக்கிற அம்மா பார்ப்பாங்க சார்."

தூண்கள் எல்லாம் இறங்குகின்றன. தம்பி முறைப்படி முக்கி எடுத்த தூண்களாகத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதுதான் எங்களோடு அவனுக்குக் கடைசி லோடு. எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை.

ஏப்ரல் 14

"மாமா ஏம்மா வரலை?"

வேலை இருக்கும் என்றேன். சிலிண்டரை நானே மாட்டினேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 20

தூண்களைக் கழற்றிவிட்டார்கள். தரையில் கறை மட்டும் வரிசையாக இருக்கிறது. அந்த அம்மா ஏதோ திராவகம் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும்" என்றாள். நானும் ஒரு பிரஷ் எடுத்துக் கொஞ்ச நேரம் தேய்த்தேன்.

மே 2

புதுத் தூண்கள் வந்தன. லாரியில் டிரைவர் மட்டும்தான். முதல் தூணில் கம்பியால் ஒரு ஆணியைக் கட்டி அனுப்பியிருந்தான். மூன்று அங்குலம், புதுசு. சீட்டு எதுவும் இல்லை.

குத்திக் காட்டுகிறானா, மன்னிப்புக் கேட்கிறானா? நின்று யோசித்துப் பார்த்தேன். பிறகு அவிழ்த்து எடுத்துக் கீற ஆரம்பித்தேன். எதுவும் உரியவில்லை. பளிச்சென்று கோடு விழுந்தது, அவ்வளவுதான். அந்தக் கோட்டால் கெடுதல் இல்லை. சின்னக் கீறல் என்றால் சுற்றியிருக்கும் துத்தநாகமே காப்பாற்றிவிடும். மானியிலும் 86.

சாயங்காலம் போன் செய்தான். மூன்று வாரத்துக்குப் பிறகு.

"கீறிப் பாத்தியாக்கா?"

"பாத்தேன். நல்லா இருக்கு."

"எத்தனை கீறினே?"

"தொண்ணூத்தாறு."

 

"அஞ்சுதானே கீறுவே நீ."

"ஆமா."

"சரிக்கா" என்றான். வைத்துவிட்டான்.

ஆணி பிடித்த விரலில் கொப்புளம். மகள் பார்த்துவிட்டு மருந்து எடுத்து வந்தாள். "வலிக்குதாம்மா?" என்றாள்.

வலிக்குது.