ஹாலோவே ஊற்று விசாரணை

14 செப்டெம்பர் 2009, திங்கள்

என் கணவர் கிறிஸ்துராஜா காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். ஏழு மணித்தியால ஒலிப்பதிவு ஒன்று வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஹாலோவே என்றொரு பாலைவன மாவட்டம். அங்கே அரசாங்கக் காணியில் ஓர் ஊற்று. மாடு வளர்ப்பவர்கள் அனுமதி எடுத்து அந்தக் காணியில் மேய்க்கிறார்கள். மாடுகள் அந்த ஊற்றில்தான் தண்ணீர் குடிக்கின்றன. முந்நூறு மைலுக்கு அப்பாலுள்ள நகரத்துக்கு அங்கிருந்து நிலத்தடி நீரைக் குழாயில் கொண்டுபோக ஒரு கம்பனி விண்ணப்பித்திருக்கிறது. மாநிலத் தண்ணீர் அலுவலகம் விசாரிக்கிறது.

என் வேலை பேசியதைத் தட்டச்சு செய்வது. யார் சரி என்பது என் வேலை அல்ல.

16 செப்டெம்பர், புதன்

அங்கே மாடு வளர்க்கும் ஓக்லி என்ற பெண் பேசுகிறார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். "என் கணவரின் தகப்பன் காலத்தில் ஊற்று குதிரையின் முழங்கால் வரை இருந்தது. இப்போது குளம்பு மட்டும்தான் நனைகிறது" என்கிறார். அழவில்லை. அளவு சொல்லுகிறார், அவ்வளவுதான்.

17 செப்டெம்பர், வியாழன்

கம்பனியின் பொறியியலாளர் பிரைஸ் சாட்சியம். ஊற்று மட்டத்தில் மாற்றம் எதுவும் எதிர்பார்க்கவில்லை என்கிறார். நல்ல நிதானமான குரல். பிறகு கதிரை இழுபடுகிறது, யாரோ இருமுகிறார்கள். மைக் திறந்தபடியே இருக்கிறது. பிரைஸ் பக்கத்திலிருப்பவரிடம் மெதுவாகச் சொல்லுகிறார்: ஊற்று வற்றும் என்று 2006இலேயே நமக்குத் தெரியும், அந்த நீர்மட்ட அட்டவணையை யாரும் கேட்கவில்லையே.

ஆறு தடவை கேட்டேன். விசாரணைத் தலைவர் அப்போது இடைவேளை அறிவிக்கவில்லை. ஆகவே அது விசாரணைக்குள்தான். எழுதினேன்.

18 செப்டெம்பர், வெள்ளி

பிரதியை நிறுவனத்துக்கு அனுப்பியாயிற்று.

24 செப்டெம்பர், வியாழன்

சேஷாத்ரி தொலைபேசியில். நாங்கள் குடியேறிய இந்த நகரத்தில், ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறையில் இந்தத் தட்டச்சு நிறுவனத்தை நடத்துகிறவர். திருச்சிக்காரர். எங்களுக்கு வேலை தருவது அந்தத் தண்ணீர்க் கம்பனியின் வழக்கறிஞர்கள். தண்ணீர் அலுவலகத்துக்குப் போகுமுன் அவர்கள் பிரதியைப் பார்த்திருக்கிறார்கள்.

"அந்த ஒரு வரி மட்டும்தான் மேடம். 'தெளிவாக இல்லை'ன்னு போட்டுடுங்க."

"எனக்குத் தெளிவாக் கேட்குது."

"அவங்கதான் நம்ம பெரிய கிளையன்ட். உங்களோட சேர்த்து நாலு பேர் அவங்க வேலையைத்தான் செய்றீங்க."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசிக்க என்ன இருக்கிறது? கடைசிப் பக்கத்தில் 'கேட்ட அனைத்தையும் எழுதியுள்ளேன்' என்று கையொப்பம் வைப்பது நான்.

25 செப்டெம்பர், வெள்ளி

கிறிஸ்துராஜாவிடம் சொன்னேன். மே மாதம் ஊரில் யுத்தம் முடிந்த பிறகு அவர் செய்தியே பார்ப்பதில்லை. எந்த ஊர் வழக்கும் அவருக்குக் களைப்பு.

"உமக்கு அந்தப் பாலைவனத்தில என்ன கிடக்கு?" என்றார். சாப்பிட்டு முடிந்து கை கழுவி வந்த பிறகு, "நான் சொல்லேலாது. கேட்டது நீர்தானே" என்றார்.

27 செப்டெம்பர், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. இதை ஒருநாளும் எழுதவில்லை, இன்றைக்கு எழுதுகிறேன்.

1982. ஊரில் ஒரு நீதிமன்றத்தில் நான் ஸ்டெனோ. ஒரு கிணற்று வழக்கு. அம்பலவாணன் என்ற தோட்டக்காரர் சாட்சி சொன்னார்: கிணறு எல்லாருக்கும் பொது என்று எதிராளியின் தகப்பனே தன்னிடம் சொன்னதாக. அந்த வசனம் தேவையில்லை, விடு பிள்ளை என்று தலைமை எழுதுவினைஞர் சொன்னார். ஏன் என்று கேட்டேனா? கேட்கவில்லை. விட்டேன். மேன்முறையீட்டில் அப்படியொரு சாட்சியமே இல்லை என்று முடிந்தது. அவருடைய தோட்டத்துக்குத் தண்ணீர் நின்றது.

பிறகு பஸ் நிலையத்தில் என்னைக் கண்டார். கோபமாக இல்லை. உண்மையாகவே சந்தேகப்பட்டவர் மாதிரிக் கேட்டார். "பிள்ளை, நான் அதைச் சொன்னனான்தானே?"

ஓம் என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

28 செப்டெம்பர், திங்கள்

ஃபாரஸ்ட் கேட் போனேன். வரியை மாற்றமாட்டேன், வேறு யாராவது மாற்றினால் என் கையொப்பத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். சேஷாத்ரி வாதாடவில்லை. "நான் இன்னும் அந்தப் பதிவைக் கேக்கவே இல்லை மேடம்" என்றார். ஹெட்போனைக் கொடுத்தேன். மூன்று தடவை கேட்டார். கழற்றி மேசையில் வைத்தார்.

"ஆமா. கேக்குது."

கணினியில் என் பிரதியைத் திறந்தார். "கேக்காமலே இருந்திருக்கலாம்" என்றார். பிறகு என் பிரதியை அப்படியே தண்ணீர் அலுவலகத்துக்கும் வழக்கறிஞர்களுக்கும் அனுப்பினார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

2 ஒக்டோபர், வெள்ளி

கிளையன்ட் போய்விட்டது. இரண்டு வரி மின்னஞ்சல்.

12 ஒக்டோபர், திங்கள்

வேலை இல்லை. அலுமாரியை அடுக்கினேன்.

20 ஒக்டோபர், செவ்வாய்

பஸ் தரிப்பிடத்தில் லக்‌ஷிகா. அந்த நான்கு பேரில் ஒருத்தி. வீட்டிலிருந்தே செய்ய முடிந்ததால் கைக்குழந்தையோடு சமாளித்தவள். இப்போது கிளீனிங் வேலைக்குப் போகிறாளாம், பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு.

"அக்கா, நீங்கள் செய்தது சரிதான். ஆனா என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம். அவள் வேண்டாம் என்றிருந்தால்? அப்பவும் எழுதியிருப்பன்.

19 நவம்பர், வியாழன்

சேஷாத்ரி தொலைபேசியில். ஓக்லியின் வழக்கறிஞர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டாராம். விசாரணையை மறுபடி திறக்கிறார்கள். இந்தத் தடவை ஒலிப்பதிவைத் தண்ணீர் அலுவலகமே எங்களுக்கு அனுப்புகிறது. சின்ன வேலைதான். லக்‌ஷிகாவுக்குப் பாதி கொடுக்கச் சொன்னேன்.

"அவங்ககிட்ட ஏற்கெனவே பேசிட்டேன்" என்றார்.

10 டிசெம்பர், வியாழன்

முற்பகல் ஒலிப்பதிவு லக்‌ஷிகாவின் பங்கு, பிற்பகல் என்னுடையது. பிரைஸை மறுபடி அழைத்தார்கள். ஓக்லியின் வழக்கறிஞர் பக்க எண் சொல்லி அந்த வரியை வாசித்தார். இதை நீங்கள் சொன்னீர்களா?

அடைப்புக்குறிக்குள் எழுதினேன்: மௌனம், பதினொரு வினாடி.

பிறகு அவர், "சொன்னேன்" என்றார்.

2006 அட்டவணையைத் தாக்கல் செய்யும்வரை விண்ணப்பத்தை நிறுத்திவைப்பதாகத் தலைவர் அறிவித்தார். அதுவரை ஒரு துளியும் எடுக்கக்கூடாது. யாரும் கைதட்டவில்லை. கதிரைகள் நகரும் சத்தத்துக்கு நடுவில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஓக்லியாக இருக்கலாம். ஒலிப்பதிவைப் பின்னுக்கு ஓட்டி இரண்டு தடவை கேட்டேன். உறுதியாகச் சொல்லமுடியாது. எழுதவில்லை.